பெரியவள் கடலில் இறங்காத வருடம்

அந்தக் குடும்பத்தில் மருமகள்கள் இரண்டு பேர். மூத்தவரின் மனைவி பெரியவள், இளையவரின் மனைவி சின்னவள். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் இதுதான் பெயர். பெரியவளுக்கு ஐம்பத்தொன்று, சின்னவளுக்கு நாற்பத்தாறு. ஒரே கட்டடத்தில் மேல் வீடு பெரியவளுடையது, கீழ் வீடு சின்னவளுடையது. மேலே நாற்காலி நகர்ந்தால் கீழே தெரியும். கீழே குக்கர் விசிலடித்தால் மேலிருந்து, “மூணாவது விசிலுடி, இறக்கு” என்று குரல் வரும்.

சின்னவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. இருபத்திரண்டு வருடமாக அந்த ஜன்னலில்லாத அறையில் ஊரார் எலும்பையெல்லாம் பார்த்திருக்கிறாள். வெளியில் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று பெயர். உள்ளே அப்படி இல்லை. சண்டை போடத் தெரியாதவர்கள் கறுவுவதில் கெட்டிக்காரர்கள், அதில் சின்னவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மூன்று வருடமாக அவள் கறுவிக்கொண்டிருந்தது திமிங்கலச் சுறா விஷயத்தில்.

மூன்று வருடத்துக்கு முன் குடும்பமாகக் கடற்கரை ஊருக்குப் போயிருந்தார்கள். அங்கே வருடத்தில் ஆறே வாரம் திமிங்கலச் சுறாக்கள் கரைக்குப் பக்கத்தில் வரும். சின்ன மீன்கள் முட்டையிடுகிற காலம், அந்த முட்டையைத் தின்ன இந்தப் பெரிய உடம்புகள் வாயைத் திறந்துகொண்டு வரும். பெயரில்தான் சுறா, யாரையும் கடிக்காது. மூச்சு விடுகிற குழாயை வாயில் கவ்விக்கொண்டு, முகக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே மிதந்தபடி அதன்கூடவே போகலாம். நீந்தத் தெரியாதவர் என்றால் ரப்பர் வளையத்தைப் பிடிக்கச் சொல்லி வழிகாட்டி இழுத்துப் போவார். ஆனால் ஒரு வழிகாட்டிக்கு ஒரு வளையம்தான். அன்றைக்குப் படகில் வழிகாட்டி ஒருவர், நீந்தத் தெரியாத மருமகள்கள் இரண்டு பேர்.

படகில் ஏறியதும் உடல்நலப் படிவம் கொடுத்தார்கள். பேனா எப்போதும்போல் பெரியவள் கைக்குப் போனது. எல்லோருக்கும் அவளே நிரப்பினாள். வழிகாட்டி படிவங்களைப் பார்த்துவிட்டுச் சின்னவளிடம், “உங்களுக்கு மயக்கம் வரும்னு போட்டிருக்கு, நீங்க இறங்க முடியாது” என்றார். சின்னவள் திரும்பிப் பார்த்தாள். பெரியவள் முகக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே, “கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவை மயங்கி விழுந்தாளே. எதுக்கு வம்பு” என்றாள். அன்று சின்னவள் மயங்கியது காலையிலிருந்து பட்டினி கிடந்ததால். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் தண்ணீரில் இருந்தார்கள். வளையம் பெரியவள் கையில் இருந்தது. சின்னவள் மடியில் மற்ற மூன்று பேருடைய துண்டும் கண்ணாடியும் செருப்பும் இருந்தன.

அதோடு விட்டிருந்தால் ஆறியிருக்கும். பெரியவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேல் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. யாராவது ஒரு விருந்தாளி வருவார், பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் கடலில் இறங்கும். “வாயைத் திறந்தா ஒரு ஆள் படுத்துக்கலாம். முதுகு பூரா வெள்ளைப் புள்ளி, யாரோ உக்காந்து ஒண்ணொண்ணா வெச்ச மாதிரி” என்று பெரியவள் ஆரம்பிப்பாள். முடிக்கும்போது சின்னவள் பக்கம் திரும்பி, “நீ பாத்திருக்கணும்டி” என்பாள். மூன்று வருடத்தில் சின்னவள் இந்த வாக்கியத்தை அறுபது தடவைக்கு மேல் கேட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும், ஒவ்வொரு தடவையும் குழம்பை ஊற்றிக்கொண்டு சிரிப்பாள்.

இந்த வருடம் சீசனுக்கு நாலு மாதம் இருக்கும்போதே சின்னவள், “நாமெல்லாம் மறுபடி போகலாம். ஏற்பாடு பூரா நான் பண்றேன்” என்றாள். வீடே ஆச்சரியப்பட்டது. பெரியவள், “பாரேன், சின்னவளுக்கு ரோஷம் வந்திருக்கு” என்றாள். வந்தது ரோஷம் இல்லை. இந்தத் தடவை நான் தண்ணீரில் இருப்பேன், அவள் படகில் இருப்பாள், ஏறி வந்து அவள் மூஞ்சிக்கு நேராக அந்த வாக்கியத்தைச் சொல்வேன் என்று சின்னவள் தீர்மானித்திருந்தாள். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஏற்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. பௌர்ணமி கழிந்த நாலாம் நாளிலிருந்து ஒரு வாரம்தான் முட்டை அதிகமாக மிதக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்குள் தேதி குறித்தாள். கூட்டமாக ஏற்றுகிற படகுகளைத் தள்ளிவிட்டு எட்டுப் பேருக்கு மேல் ஏற்றாத படகாகப் பிடித்தாள். வேலை முடிந்து வாரம் மூன்று நாள் நகராட்சிக் குளத்துக்கு நீச்சல் கற்கப் போனாள். பக்கத்தில் ஏழு வயதுப் பிள்ளைகள் மீன் மாதிரி போக, இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தாள். ஒரு மாதம் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம். இரண்டாம் மாதம் கை கால் சேர்ந்தது. வீட்டில் டிவி முன்னால் முகக்கண்ணாடியும் குழாயுமாக உட்கார்ந்து மூச்சு விட்டுப் பழகினாள். கணவர் ஒருநாள் கதவைத் திறந்தவர் பார்த்துவிட்டு, பேசாமல் மூடிக்கொண்டு மேலே போய்விட்டார்.

எல்லாம் சரி, பெரியவளைப் படகில் உட்கார வைப்பது எப்படி என்பதுதான் பிடிபடவில்லை. அதே படிவ வேலையைச் செய்யலாமென்றால் பேனா அவளிடம் இருக்கும். அந்த நேரத்தில்தான் படகுக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. போன வருடம் யாரோ ஒருவர் தண்ணீரில் மூச்சுத் திணறிவிட்டாராம். அதனால் நாற்பத்தைந்து தாண்டியவர்கள் எல்லோரும் மார்பு எக்ஸ்ரே எடுத்து, டாக்டரிடம் தகுதிச் சான்று வாங்கி வர வேண்டுமாம். சின்னவள் அந்தக் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சிரித்தாள்.

மார்புப் படம் எடுக்கும்போது பெண்களிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சங்கிலியைக் கழற்றச் சொல்வதற்கும் முன்னால், சடையைத் தூக்கி உச்சியில் கட்டச் சொல்ல வேண்டும். தோள்மேல் சடை கிடந்தால் அது படத்தில் விழும். அதுவும் குளித்து ஈரம் காயாத அடர்ந்த சடை என்றால் நுரையீரலின் மேல்பகுதியில் ஏதோ நோய் இருப்பதுபோல வெளுப்பாக ஒரு பட்டை தெரியும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்குச் சின்னவள் கற்றுக்கொடுக்கிற முதல் பாடமே இதுதான். பெரியவளின் சடை அந்தத் தெருவுக்கே தெரிந்த சடை. இடுப்புக்குக் கீழே இறங்கும், அந்த வயதிலும் கை மொத்தம் இருக்கும்.

நாலு பேரும் ஒரே காலையில் வந்தார்கள். சின்னவளுக்கு அவள்கூட வேலை செய்கிறவள் எடுத்தாள். அண்ணன் தம்பி இருவருக்கும் பெரியவளுக்கும் சின்னவள் எடுத்தாள். “தலை இன்னும் காயவே இல்லடி, ஈரத்தோட வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே பெரியவள் பலகையில் மார்பை வைத்து நின்றாள். சடை வலது தோளில் வழிந்து முன்னால் கிடந்தது. சின்னவள் அதைப் பார்த்தாள். கை தானாக நீண்டது, இருபத்திரண்டு வருடப் பழக்கம். அதை மடக்கிக்கொண்டாள். “அசையாம நில்லுங்கக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் படம் வந்தது. காறை எலும்பைத் தாண்டிக் கழுத்து வரைக்கும் ஏறியிருந்த வெளுப்புப் பட்டையைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சடைதான், கச்சிதமாக விழுந்திருக்கிறது. கழுத்து வரை போகிற நுரையீரல் நோய் எதுவும் கிடையாது, நிதானமாகப் பார்க்கிற எவருக்கும் புரியும். ஆனால் தகுதிச் சான்று கொடுக்கிற டாக்டர் ஒரு காலையில் எழுபது பேரைப் பார்க்கிறவர். சின்னவள் அதற்குமேல் படத்தைப் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

டாக்டர் மூன்று பேருக்குக் கையெழுத்துப் போட்டார். பெரியவளின் தாளில் மட்டும், வலது மேல்பக்கம் வெளுப்பாக ஒரு நிழல் இருப்பதாகவும், பத்து நாளில் மறுபடி படம் எடுக்க வேண்டுமென்றும், அதுவரை கடலில் இறங்கக் கூடாதென்றும் எழுதினார். சின்னவள் கூடவே நின்று, “நான் பாத்துக்கறேன் டாக்டர்” என்றாள். தன் ஆள் சொல்கிறாளே என்று அவரும் விட்டுவிட்டார்.

பெரியவள் அப்படிப் பயந்து யாரும் பார்த்ததில்லை. மேல் வீட்டில் நாற்காலி நகர்கிற சத்தம் நின்றுபோனது. விசில் கணக்கு நின்றுபோனது. ஒரு மத்தியானம் கீழே இறங்கி வந்து, சின்னவள் துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நீ எவ்வளவு படம் பாத்திருப்ப. நிஜத்தைச் சொல்லு. என்ன அது?”

“சளியா இருக்கும்க்கா.”

“சளி நிழல் மாதிரி விழுமா?”

“விழும்.”

“இருமல் வேற வருதுடி கொஞ்ச நாளா.”

சின்னவள் ஒரு போர்வையை எடுத்து நாலாக மடித்தாள். பெரியவளுக்கு எப்போதும் இப்படித்தான். காய்ச்சல் என்று யாராவது சொன்னால் நெற்றி சுடும், பல்வலி என்றால் தாடை வீங்கும். நிழல் என்றதும் இருமலும் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பயத்தில் பெரியவளின் சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது. அதைப் பார்க்கச் சின்னவளுக்கு மனசு குளிர்ந்தது. மூன்று வருடம் என் வயிறு எரிந்ததே, இப்போது உன் முறை என்று இருந்தது. பாவமாக இல்லையா என்றால் இல்லை. அந்த வாரங்களில் அவள் நன்றாகத் தூங்கினாள்.

பத்து நாள் ஆனதும் மூத்தவர் மறு படத்தைப் பற்றிக் கேட்டார். மிஷின் சர்வீஸில் இருக்கிறது என்றாள். அடுத்த வாரம் கேட்டார். சளி இறங்கட்டும், இப்போது எடுத்தாலும் அதே நிழல்தான் வரும் என்றாள். சடையைத் தூக்கிக் கட்டி ஒரு படம் எடுத்தால் சான்று கிடைத்துவிடும், பெரியவள் தண்ணீரில் இறங்கிவிடுவாள். அது நடக்கக் கூடாது. மூத்தவருக்கு மனசு கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்துவிடலாமா என்றார். அங்கே முதல் படத்தைக் கேட்பார்கள், சடை வெளியே வந்துவிடும் என்று சின்னவளுக்குப் பட்டது.

“இருபத்திரண்டு வருஷமா இதைத்தான் பாக்கறேன். ஒண்ணும் இருக்காது. சீசன் முடிஞ்சு வந்து எடுத்துக்கலாம். சும்மா அவங்களைப் பயமுறுத்தாதீங்க” என்றாள்.

அவள் குரலில் இருந்த உறுதியைப் பார்த்து எல்லோருக்கும் நிம்மதி வந்தது. நடிப்பில் அப்படி ஓர் உறுதி வராது. ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும், அதனால் வந்தது.

நான் போகவில்லை, நீங்கள் போய் வாருங்கள் என்று பெரியவள் சொல்லிப் பார்த்தாள். சின்னவள் விடவில்லை. “படகுல உக்காந்தாவது வாங்கக்கா. கடல் காத்து நல்லது” என்று தானே அவளுக்குப் பெட்டி கட்டினாள்.

கடல் அன்றைக்குத் தட்டையாகக் கிடந்தது. ஒன்றரை மணி நேரம் சுற்றிய பிறகு மேல்தளத்தில் நின்றவர் கையை நீட்டினார். சின்னவள் யாருடைய வளையத்தையும் பிடிக்காமல் இறங்கினாள். முதலில் பச்சையாக ஒன்றும் தெரியாத தண்ணீர். பிறகு அடியிலிருந்து புள்ளிகள் மேலே வந்தன, புள்ளிகளுக்குக் கீழே ஒரு முதுகு, முடிவே இல்லாத முதுகு. வாலின் ஒரு அசைவுக்கு அது நகர்ந்த தூரத்தை இவள் முப்பது உதை உதைத்துத் தொட வேண்டியிருந்தது. அதன் கண் சின்னதாக, எதையும் பொருட்படுத்தாமல் இருந்தது. குழாய்க்குள் தன் மூச்சுச் சத்தம் கேட்டது. நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பாதி நேரம் அவள் மனசு படகின் பலகையில் உட்கார்ந்திருக்கிற முகத்திடமே இருந்தது. சீக்கிரம் ஏற வேண்டும், சொல்ல வேண்டும்.

ஏறினாள். தண்ணீர் சொட்டச் சொட்டப் பெரியவளுக்கு எதிரில் போய் நின்றாள்.

“நீங்க பாத்திருக்கணும்க்கா.”

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, “அன்னிக்கு வளையம் ஒண்ணுதான் இருந்துச்சு” என்றாள். “உன்னை அனுப்பிட்டு நான் உக்காந்திருக்கலாம். தோணல. எனக்கு அதைப் பாத்தே ஆகணும்னு இருந்துச்சு. நீயா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்ப.”

மன்னிப்பா, இன்னொரு குத்தா என்று சின்னவளுக்குப் புரியவில்லை. எதுவாக இருந்தாலும் அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை அவளே சுறாக் கதையைச் சொன்னாள். மூன்று தடவையும் பெரியவள் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். நாலாவது ஞாயிறு கதையை ஆரம்பித்த சின்னவளுக்கே அலுப்புத் தட்டியது. பழி தீர்ந்துவிட்டது. இனிமேல் அந்தப் பெண்பிள்ளை பயந்து சாக வேண்டாம், ஒரு நல்ல படம் எடுத்துக் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அதை அவள் பெருந்தன்மை என்றே நினைத்துக்கொண்டாள்.

முதல் படத்துக்குப் பிறகு ஒன்பது வாரம் ஆகியிருந்தது. பெரியவள் வந்து பலகைக்கு முன்னால் நின்றாள். சின்னவள் பின்னாலிருந்து சடையை எடுத்து, சுருட்டி, உச்சியில் வைத்து ரப்பர் பேண்டால் இறுக்கினாள்.

“போன தடவை இப்படிக் கட்டலையே.”

சின்னவள் ரப்பர் பேண்டை இன்னொரு சுற்று சுற்றினாள்.

“தோள்மேல கெடந்துச்சு. ஈரமா இருக்குன்னுகூட சொன்னேன். நீ ஒண்ணும் சொல்லல.” பெரியவள் திரும்பினாள். “சடை படத்துல விழுமாடி?”

“விழும்.”

“நிழல் மாதிரியா?”

“திரும்பி நில்லுங்கக்கா. தாடையைப் பலகை மேல வைங்க.”

பெரியவள் திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் சின்னவள் நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அடிப்பாவி. ரெண்டு மாசமா தெனம் செத்துட்டிருந்தேன்டி. ஒரு மயக்கம்னு எழுதினதுக்கா இந்தப் பாடு படுத்தின?”

“ஆடாதீங்க. படம் கலைஞ்சிடும்.”

சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் வந்தாள். முகம் சுட்டது. பிடிபட்டாயிற்று, வீட்டில் தெரியும், ஆஸ்பத்திரியில் தெரிந்தால் வேலைகூடப் போகலாம். இருந்தாலும் நெஞ்சில் ஏதோ இறங்கிவிட்டதுபோல இருந்தது. பெரியவள் சிரித்தது அவளுக்குப் பிடித்திருந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். பொத்தானை அழுத்தினாள்.

திரையில் படம் வந்தது. கழுத்து சுத்தமாக இருந்தது. காறை எலும்பின் மேல் கிடந்த பட்டை போயிருந்தது. அதற்குக் கீழே, வலது நுரையீரலில், நெல்லிக்காய் அளவுக்கு வெள்ளையாக ஒன்று இருந்தது. சடை இல்லை, எலும்பு இல்லை, சட்டைப் பொத்தான் இல்லை. ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. அந்த மாதிரி ஓரத்தை இருபத்திரண்டு வருடத்தில் அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

ஒன்பது வாரத்துக்கு முன்னால் எடுத்த படத்தைத் தேடிப் பக்கத்தில் வைத்தாள். அதிலும் இருந்தது. சடையின் நிழல் முடிகிற இடத்துக்குக் கீழே, அதே இடத்தில், இதைவிடச் சின்னதாக இருந்தது. பட்டையைப் பார்த்து மகிழ்ந்தவள் இரண்டு விரல் கீழே கண்ணை இறக்கியிருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பாள். பத்து நாளில் மறு படம் என்று டாக்டர் எழுதினார். ஸ்கேன் எடுக்கலாமா என்று மூத்தவர் கேட்டார். ஒன்றும் இருக்காது என்று சொன்னது அவள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியவள் முக்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

“சடைதானேடி? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. சத்தியமா திட்ட மாட்டேன். வீட்ல யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். நீதான் பண்ணினன்னு மட்டும் சொல்லிடு, எனக்கு உயிர் வந்துடும்.”

சின்னவள் இரண்டு படங்களையும் பார்த்தபடி நின்றாள். ஆமாம், சடைதான், நான்தான் செய்தேன் என்று சொல்ல முடிந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.